பட்டிக்குள் குதித்த விருந்தாளி

பனிச்சிறுத்தைக்கு லடாக்கியர் வைத்த பெயர் ‘ஷன்’. ரும்பாக் போன்ற மலையூர்களில் அந்தப் பெயர் ஒரு காலத்தில் வசைச்சொல் மாதிரிதான். கூரையில்லாத கற்சுவர்ப் பட்டிக்குள் குதித்துவிட்டால் ஷன் ஓர் ஆட்டோடு நிற்காது. மிரண்டு ஓடுவதையெல்லாம் அடித்துப் போடும். ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் கையிருப்பு காலியாகிவிடும். விடிந்ததும் ஊரார் கல்லெடுத்தார்கள் என்றால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. இத்தனைக்கும் அது மனிதரைக் கடித்துத் தின்னும் பழக்கமில்லாத பிராணி.

வெளியுலகத்துக்கோ அது கண்ணில் படாத மாயம். விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலர் 1970இல் பாகிஸ்தானின் சித்ரால் மலைகளில் அதைப் படம்பிடித்தது பெரிய செய்தியானது. 1973இல் அவரோடு நேபாளத்தின் டோல்போவுக்கு நடந்த எழுத்தாளர் பீட்டர் மாத்தீசன் அதைப் பார்க்காமலே திரும்பினார். 1978இல் வந்த அவர் புத்தகத்துக்குப் பெயர் என்னவோ ‘பனிச்சிறுத்தை’தான்!

லடாக் வெளியாருக்குத் திறந்தது 1974இல். ஹெமிஸ் தேசியப் பூங்கா 1981இல் வந்தது. பூங்காவுக்குள்ளேயே ஊர்களும் இருந்தன. கோடையில் மலையேற வந்தவர்கள் கூடாரமும் சாப்பாடும் லே நகரிலிருந்தே கட்டிக்கொண்டு வந்ததால், ஊருக்குக் கிடைத்தது சொற்பம்.

நேபாளத்தில் இந்த விலங்கை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த ரோட்னி ஜாக்சனின் அமைப்பு, லடாக்கில் முதலில் செய்தது பட்டிகளுக்குக் கம்பிவலைக் கூரை போட்டதுதான். 2002 வாக்கில் வீடுகளில் விருந்தினர் தங்கும் ஏற்பாடும் தொடங்கியது. எந்த வீட்டுக்கு யார் என்பதில் சண்டை வராமல் ஊரார் முறை வைத்துக்கொண்டார்கள்.

ஷனைப் பார்க்கப் பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. பாரல் என்னும் நீலச்செம்மறிகள் பள்ளத்தாக்குக்கு இறங்க, அதுவும் பின்னாலேயே இறங்கும். இணை தேடும் காலமும் அதுவே. உறைபனியில் முக்காலியில் தொலைநோக்கியை நிறுத்தி, எதிர்ச்சரிவைப் பாறை பாறையாகத் துழாவுகிறார் ஊர் வழிகாட்டி. பனியில் பதிந்த காலடி, பாறையில் பீய்ச்சிய மூத்திர வாடை, திடீரென்று விறைத்து ஒரே திசையில் பார்க்கும் பாரல்கள்: இவைதான் தடயம். பயணி கண்ணுக்கு வெறும் பாறையாகத் தெரிவதில் வழிகாட்டி வாலைக் கண்டுபிடிப்பார். ஆடு மேய்த்துத் தேறிய கண் அது. எந்தப் பயிற்சி வகுப்பிலும் வராது.

2024இல் வெளியான கணக்கெடுப்பு இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் என்கிறது; அவற்றில் 477 லடாக்கில். பார்க்கப் போகிறவர்கள் லேயில் சில நாள் தங்கி உயரத்துக்கு உடம்பைப் பழக்கிக்கொள்ளுங்கள். பிறகு கூடாரத்தை விட்டுவிட்டு, ஊரில் யார் முறையோ அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.