உள்ளே காலி, வெளியே மலை: சிமெண்ட் பாறைகளின் கதை

போன மாசம் ஒரு தீம் பார்க்ல ரோலர் கோஸ்டர் க்யூவில் முக்கால் மணி நேரம் நின்னுட்டு இருந்தேன். பக்கத்துல என்னைவிட உயரமா ஒரு பாறை. வெடிப்பு, பாசி, மழை வழிஞ்ச கறை எல்லாம் கச்சிதமா இருந்தது. பொழுது போகாம விரலை மடக்கித் தட்டிப் பார்த்தேன். ‘டொக்’னு சத்தம். உள்ள ஒண்ணுமே இல்லை, வெறும் கூடு.

அப்ப என் ஃப்ரெண்ட் கேட்டான்: “இவ்ளோ மெனக்கெட்டு எதுக்குடா பொய்ப் பாறை செய்யுறாங்க? எதை மறைக்கிறாங்க?” விளையாட்டாத்தான் கேட்டான். ஆனா இந்தத் தொழிலோட 150 வருஷ வரலாற்றைப் புரிஞ்சுக்க அதைவிட நல்ல கேள்வி கிடையாது. செயற்கைப் பாறை எங்கெல்லாம் இருக்கோ, அங்கெல்லாம் அதுக்குப் பின்னாடி மறைக்க வேண்டிய ஏதோ ஒண்ணு இருந்திருக்கு.

பாரிஸ்ல இருந்து ஆரம்பிக்கலாம். நகரத்தோட வடகிழக்கு ஓரத்தில் ஜிப்சம் வெட்டியெடுத்த பழைய குவாரி ஒண்ணு இருந்தது. குப்பையும் கழிவும் கொட்டுற இடம். செத்த குதிரைகளைக் கொண்டுவந்து அறுக்கிற இடமும் அந்தப் பக்கம்தான். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பாரிஸை இடிச்சுக் கட்டினாங்க இல்லையா, அப்ப இந்த இடத்தைப் பூங்காவா மாத்துற பொறுப்பு அல்ஃபாண்ட் என்ற பொறியாளருக்கு வந்தது. 1864-ல் வேலை தொடங்கி, 1867 ஏப்ரல் 1-ஆம் தேதி பூங்கா திறந்தாச்சு. பேரு புட்-ஷோமோன். குவாரியில் மிச்சமிருந்த பாறையை வெடிமருந்து வைத்துச் செதுக்கினாங்க. போதாத இடத்தில் சிமெண்டால் பாறை செய்தாங்க. 20 மீட்டர் உயரக் குகை, அதுக்குள்ள பம்ப் வைத்து ஓடவிட்ட அருவி, மேலிருந்து தொங்குற சுண்ணாம்புக் கூம்புகள்கூட மனுஷன் செய்ததுதான். மரக்கிளை மாதிரி தெரியுற கைப்பிடி வேலியும் சிமெண்ட். மறைச்சது எதைன்னு கேட்டா, ஒரு குப்பைமேட்டை.

அதே 1867-ல், அதே பிரான்ஸில், ஜோசஃப் மோனியே என்ற தோட்டக்காரர் ஒரு காப்புரிமை வாங்கினார். செடித் தொட்டி உடையாம இருக்க, சிமெண்டுக்குள் இரும்புக் கம்பி வலை வைக்கும் முறை. இன்னைக்கு நாம இருக்கிற ஃபிளாட், மேல போற மெட்ரோ தூண் எல்லாத்துலயும் இருக்கிற ‘ஆர்சிசி’யோட மூதாதைகளில் அந்தத் தொட்டியும் ஒண்ணு. மோனியே செயற்கைப் பாறை வேலையும் பார்த்தவர். அவரோட காப்புரிமையை ஜெர்மன் கம்பெனிகள் வாங்கிப் பெரிய அளவில் வளர்ந்தன. மோனியே திவாலாகி, 1906-ல் வறுமையில் இறந்துபோனார்.

அடுத்தது ஜெர்மனி. ஹாம்பர்க்கில் கார்ல் ஹாகன்பெக் என்ற விலங்கு வியாபாரி இருந்தார். அதுவரைக்கும் மிருகக்காட்சிசாலைன்னா கம்பிக்கூண்டுதான். ஹாகன்பெக்குக்கு வேற யோசனை: சிங்கம் எவ்வளவு தூரம் தாண்டும்னு கணக்குப் பண்ணி, அதைவிட அகலமா அகழி வெட்டினா கம்பி எதுக்கு? அந்த அகழி பார்க்கிறவங்க கண்ணுல படக்கூடாது, அவ்ளோதான். 1896-ல் இதுக்குக் காப்புரிமை வாங்கி, 1907-ல் ஹாம்பர்க் பக்கத்தில் ஸ்டெல்லிங்கன்ல தன் பூங்காவைத் திறந்தார். அங்கே பாறைகளை உருவாக்கியவர் உர்ஸ் எக்கன்ஷ்வீலர், சுவிட்சர்லாந்து சிற்பி. மனுஷன் ஜூரிக்கில் சொந்தமா சிங்கம் வளர்த்தவர்! சிங்கம் எங்க படுக்கும், எங்க ஏறி நிக்கும்னு அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை.

இங்கே பாறை மறைச்சது சிறையை. அது மட்டும் இல்லை. இதே ஹாகன்பெக் மனுஷங்களையும் காட்சிக்கு வைத்தவர். 1880-களில் இலங்கையிலிருந்து ஆட்களைக் கூட்டிட்டுப் போய், யானைகளோட சேர்த்து ஐரோப்பிய நகரங்களில் காட்டினார். அதுக்குத் தனி எபிசோடே வேணும். ஆனா ‘கம்பி இல்லாத அழகான பூங்கா’ன்னு புகழும்போது இதையும் சொல்லாம விட்டா, நானும் ஒரு பாறையை வைத்து மறைக்கிற மாதிரி ஆயிடும்.

அந்த 1907-ல் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இன்னொரு விஷயம் நடந்தது. சிகாகோவில் ஃபீல்ட் மியூசியம் அப்போ 1893 உலகக் கண்காட்சிக்காகக் கட்டின ஒரு கட்டடத்தில் இயங்கிட்டு இருந்தது. அதோட வெளிப்பூச்சு உதிர ஆரம்பிச்சிருச்சு. அங்கே வேலை பார்த்த கார்ல் ஏக்லி, செத்த விலங்குகளைப் பாடம் பண்ணி உயிரோட நிக்கிற மாதிரி வைக்கிறவர். அவர் ஒரு மெஷின் செய்தார். காற்றழுத்தத்தில் சிமெண்டும் மணலும் ஹோஸ் வழியா வரும். முனையில் தண்ணி சேரும். சுவத்துல அடிச்சா அப்படியே ஒட்டும். பேரு சிமெண்ட் கன். 1911-ல் காப்புரிமை கிடைச்சது.

இது ஏன் முக்கியம்? சாதாரண கான்கிரீட்டுக்குச் சென்ட்ரிங் பலகை அடிக்கணும். மலைக்கு யாரு பலகை அடிக்கிறது? ஒவ்வொரு அங்குலமும் வேற வேற வளைவு. கம்பி கட்டி, வலை விரிச்சு, கலவையைப் பீச்சி அடிச்சா பலகையே வேண்டாம். இன்னைக்குத் தீம் பார்க் மலை பெரும்பாலும் இப்படித்தான் எழும்புது. யானையைப் பாடம் பண்ணினவர் கண்டுபிடிச்ச துப்பாக்கி, மலை கட்டப் பயன்படுது.

இப்போ கலிஃபோர்னியா. வால்ட் டிஸ்னி ஒரு படப்பிடிப்புக்காக சுவிட்சர்லாந்து போனவர், மேட்டர்ஹார்ன் சிகரத்தைப் பார்த்துட்டு அது மாதிரி ஒண்ணு டிஸ்னிலேண்டில் வேணும்னு முடிவு பண்ணினார். 1959 ஜூன் 14-ல் திறந்தாங்க. உயரம் 147 அடி, உண்மைச் சிகரத்தில் நூறில் ஒரு பங்கு. உள்ளே ஓடுவது இரும்புக் குழாய்த் தண்டவாளத்தில் ஓடின முதல் ரோலர் கோஸ்டர். வேடிக்கை என்னன்னா, 1978 வரைக்கும் அந்த மலையோட உட்புறத்தை யாரும் சரியா மூடவே இல்லை. வண்டியில் போறவங்களுக்கு உள்ளே இரும்புச் சட்டம் அப்படியே தெரியும். வெளியே ஆல்ப்ஸ், உள்ளே கட்டுமான சைட்.

டிஸ்னியில் அந்தக் காலத்துப் பாறை நிபுணர் ஃப்ரெட் யோர்கர். சினிமாவுக்கு மினியேச்சர் செய்துட்டு இருந்தவர். முதல்ல கையளவு மாடலில் பாறையைச் செதுக்குவார், அப்புறம் சைட்டுக்கே போய் நின்னு அது பெருசா சரியா வருதான்னு பார்ப்பார். ரைட்ல போற கோடிக்கணக்கான பேர்ல அவர் பேரு எத்தனை பேருக்குத் தெரியும்?

வேலை எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் சொல்றேன். இரும்புச் சட்டம், வளைச்ச கம்பி, வலை, அது மேல பீச்சி அடிச்ச முதல் பூச்சு. அது இறுகினதும் மேல இன்னொரு கலவை, செதுக்குறதுக்குன்னே. இங்கதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். ரொம்ப ஈரமா இருந்தா வழியும், இறுகிட்டா கரணை ஏறாது. நடுவுல சில மணி நேரம்தான். அதுக்குள்ள அடுக்கு, வெடிப்பு, தேய்மானம் எல்லாம் வரணும். கசக்கின அலுமினியத் தாளை அழுத்துவாங்க, பிரஷால தட்டுவாங்க. அன்னைக்கு வேலையை நிறுத்தும்போது ஒரு வெடிப்பில் கொண்டுபோய் நிறுத்தணும். இல்லைன்னா மறுநாள் ஒட்டுற இடம் காட்டிக்கொடுத்துரும். வெயிலில் கான்கிரீட் விரியுறதுக்கு விடுற இடைவெளியும் பாறை வெடிப்பு மாதிரியே ஒளிஞ்சிருக்கும். நம்ம ஊர் கோபுரத்துல சுதை வேலை பார்க்கிறவங்களுக்கு இந்த அவசரம் நல்லாவே புரியும். நான் எழுதின கோடு தப்பா போனா ரோல்பேக் பண்ணிட்டு டீ குடிக்கப் போயிடுவேன். இவங்களுக்கு இருக்கிற ஒரே ‘அன்டூ’ சுத்தியல்.

கடைசியா ஃபுளோரிடா. 1998 ஏப்ரல் 22-ல் திறந்த டிஸ்னி அனிமல் கிங்டமோட நடுவில் ‘ட்ரீ ஆஃப் லைஃப்’னு 145 அடி மரம் நிக்குது. உள்ளே எலும்புக்கூடு என்ன தெரியுமா? கடலில் எண்ணெய் எடுக்கக் கட்டுற மேடையோட அமைப்பு, சூறாவளியைத் தாங்கணுமே. அதோட அடிமரத்திலும் வேரிலும் 300-க்கும் மேற்பட்ட விலங்குகளைச் செதுக்கினாங்க. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஹங்கேரியில் பிறந்த சிற்பி ஜோல்ட் ஹோர்மை. வேலை நடக்கும்போது ஜேன் குடால் வந்து பார்த்திருக்காங்க, சிம்பன்ஸியோட வாழ்ந்து ஆராய்ச்சி பண்ணின அதே ஜேன் குடால். “சிம்பன்ஸி எங்கே?”ன்னு கேட்டாங்க. இல்லை! வேலை முடியுற நேரத்தில் வந்த சேஞ்ச் ரிக்வெஸ்ட். சிற்பிகள் மறுபடி கலவை போட்டுச் செதுக்கினாங்க. காட்டில் குடாலை முதல்ல நம்பி நெருங்கவிட்ட டேவிட் கிரேபியர்டு என்ற சிம்பன்ஸி இன்னைக்கு அந்த மரத்தோட அடியில் இருக்கு.

எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். மத்த இடத்திலெல்லாம் பாறை எதையாவது மறைக்குது: குப்பைமேடு, அகழி, தண்டவாளம், எண்ணெய் மேடை. கூடவே செதுக்கின கையையும் மறைக்குது. ஏன்னா, ‘இதை யார் செஞ்சது’ன்னு நமக்குத் தோணினாலே அந்தப் பாறை தோத்துப்போச்சு. வேலை நல்லா இருக்க இருக்க, ஆள் காணாமப் போயிடுவார். ஆனா அந்தச் சிம்பன்ஸியைப் பார்க்கிறப்ப, யாரோ ஒருத்தர் சாரம் கட்டி ஏறி, ஈரம் காயுறதுக்குள்ள ஒரு முகத்தைக் கொண்டுவந்தார்னு தெரியுது.

அதனால அடுத்த தடவை க்யூவில் நிக்கும்போது ஃபோனைப் பையில போட்டுட்டு அந்தப் பாறையைத் தட்டிப் பாருங்க. எந்த வெடிப்பு அழகுக்கு, எது ஒருநாள் வேலை முடிஞ்ச இடம்னு தேடுங்க. கண்டுபிடிச்சா எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.