வேட்டைநாய் பராமரிப்பு: ஃபேபஸின் நூல்

பிரான்சின் தெற்கே, பிரனீஸ் மலையடிவாரத்தில் ஃபுவா என்னும் சிற்றரசை ஆண்டவர் மூன்றாம் காஸ்டன் (1331–1391). ஃபேபஸ் என்பது அவருடைய பட்டப்பெயர். வேட்டையில் தீராத பற்றுக் கொண்ட இவர், 1387இல் பிரெஞ்சு மொழியில் 'வேட்டை நூல்' எழுதத் தொடங்கினார். நாய்களின் நோய்களுக்கும் பராமரிப்புக்கும் அதில் தனி இயல்கள் உண்டு.

மருந்தைவிட அன்றாடக் கவனிப்பையே அவர் பெரிதும் நம்பினார். கொட்டிலில் புது வைக்கோல் பரப்ப வேண்டும். நல்ல தண்ணீர் வைக்க வேண்டும். நனைந்து திரும்பும் நாய்கள் குளிர்காயக் கணப்பு இருக்க வேண்டும். காலையும் மாலையும் இளம்புல் முளைத்த வெளிக்கு ஓட்டிச் செல்ல வேண்டும்; நோயுற்ற நாய் புல்லைத் தின்று தானே தேறும் என்பது அவர் கருத்து. நம்மூர்த் தெருநாய்களும் புல்லைத் தேடிக் கடிப்பதுண்டு. ஓடித் தேய்ந்த பாதங்களைப் புகைக்கூண்டுக் கரி கலந்த வினிகரால் கழுவினர்.

இவற்றைச் செய்தவர்கள் சிறுவர்கள். ஏழு வயதில் பணிக்கு வரும் பையன் ஒவ்வொரு நாயின் பெயரையும் நிறத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டும். இரவில் அவை சண்டையிடாதபடி கொட்டிலிலேயே படுக்கவும் வேண்டும். நாய்களின் நலத்துக்கு இந்தப் பிள்ளைகளின் உறக்கமே விலை.

வெறிநாய்க்கடியில் மட்டும் அவர் கை ஓய்ந்துவிடுகிறது. கடிபட்டவரைக் கடலுக்குக் கொண்டுபோய் ஒன்பது அலைகள் மேலே புரளவிடும் வழக்கத்தைக் குறிப்பிட்டு, அதனால் பெரிய பயனில்லை என எழுதினார். ஏறத்தாழ 500 ஆண்டுகள் கழித்து, 1885இல்தான் லூயி பாஸ்டர் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை ஒரு சிறுவனுக்குச் செலுத்தச் செய்தார்.