பொய்யிரையின் வரலாறும் நம் ஈயக்குட்டை மீன்களும்



ஆண்டு 5 மாணாக்கர்க்கு மீன்பெயர்களைக் கற்பித்துக்கொண்டிருந்தபோது, “ஐயா, பாஸ் மீனுக்குத் தமிழில் என்ன பெயர்?” என்று ஒரு மாணவன் கேட்டான். கம்போங் மேடான் வட்டாரத்துத் தந்தையர் சிலர் வாரயிறுதிகளில் ஈயக்குட்டைகளுக்குத் தூண்டிலோடு செல்வது வழக்கம். அவர்களோடு செல்லும் பிள்ளைகள் தோமான், ஹாருவான், பீக்கோக் பாஸ் எனப் பெயர்களை மளமளவென்று ஒப்புவிக்கிறார்கள். வரால் என்றால் விழிக்கிறார்கள். அவர்கள் வீட்டில் அறுவை மருத்துவம் முடிந்து வந்தவர்க்குக் குழம்பு வைத்துக் கொடுக்கும் ஹாருவான்தான் வரால் என்று சொன்னபோது வகுப்பே வியந்தது. அந்த வியப்பே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல்.

பாஸ் என்பதற்குத் தமிழ்ப்பெயர் இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. பெருவாய்ப் பாஸ் வட அமெரிக்காவின் நன்னீர் மீன். தமிழர் வாழ்ந்த நீர்நிலைகளில் அது இருந்ததே இல்லை. ஆனால் அது செய்யும் தொழிலைச் செய்ய நம்மிடம் வரால் இருந்தது. நீர்ப்பூண்டுகளுக்கிடையே அசையாமல் பதுங்கியிருந்து, வாய்க்கெட்டிய தூரத்தில் தவளையோ சிறுமீனோ வந்தால் பாய்ந்து விழுங்குவது இரண்டிற்கும் பொதுக்குணம். ஆகவே பாஸ் பிடிக்கும் கலை என்று மேலைநாட்டார் நூல் நூலாக எழுதியிருப்பதில் பெரும்பகுதி வராலுக்கும் பொருந்தும்.

வரால் பிடித்தல் நமக்குப் புதிதன்று. அகநானூற்றின் 36ஆம் பாடலை எடுத்துப் பாருங்கள். பாடியவர் மதுரை நக்கீரர், மருதத்திணை. தூண்டில் இரும்பில் கோத்த இரையை விழுங்கிய ஆண் வரால் ஒன்று, ஆம்பல் இலையைக் கிழித்து, குவளை மலர்களைச் சிதைத்து, வள்ளைக்கொடியைக் கலக்கி, இழுப்பவன் கைக்கு வராமல், கயிறிட்ட முரட்டுக் காளையைப் போலக் குளத்தையே உழக்குகிறது. பிடிப்பவனைப் புலவர் வேட்டுவன் என்றே குறிக்கிறார். வரால் கவ்வியவுடன் கொடிகளுக்குள் புகுந்து தங்கூசியைச் சிக்கவைப்பதை இன்றைய தூண்டிற்காரரும் அறிவர். நேரில் பாராதவர் இதை எழுதியிருக்க முடியாது என்பது என் துணிபு. இப்பாடலை உரைநூலோடு மட்டும் நடத்தாமல், குட்டையோரம் நின்ற பிள்ளைகளிடம் நடத்திப் பாருங்கள் என்று இடைநிலைப்பள்ளி ஆசிரிய நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

எனினும் அங்கே வரால் விழுங்கியது மெய்யான இரை. இரையே அல்லாத ஒன்றை இரையெனக் காட்டி மீனை ஏமாற்றும் கலைக்கு வேறு வரலாறு உண்டு. மலாயில் கெவாங் எனப்படும் இதனைப் பொய்யிரை என்று எழுதுகிறேன். கி.பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஏலியன் என்னும் உரோமானிய எழுத்தாளர், மாசிடோனியர் தூண்டில் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் இறகு இரண்டைப் பொருத்தி, ஈயைப் போலச் செய்து மீன் பிடித்ததை விவரித்துள்ளார்.

அமெரிக்காவில் ஜூலியோ பியூல் என்பவர் கரண்டி வடிவப் பொய்யிரைக்கு 1852இல் காப்புரிமை பெற்றார். படகிலிருந்து தவறி விழுந்த கரண்டியை மீன் ஒன்று பாய்ந்து கவ்வியதைக் கண்டு அவருக்கு அவ்வெண்ணம் தோன்றியதாகக் கதை சொல்வர். 1890களில் மிச்சிகன் மாநிலத்துத் தேனீ வளர்ப்பாளர் ஜேம்ஸ் ஹெடன் மரத்தில் தவளை செதுக்கினார். பின்லாந்தின் மீனவர் லௌரி ரப்பாலா, கூட்டத்தில் அடிபட்டுத் தள்ளாடும் மீனையே பெரிய மீன் தேர்ந்து தாக்குவதைக் கவனித்தார். 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லெட் சுற்றிய ஈயத்தாளை ஒட்டி, பழைய ஒளிப்படச் சுருளை உருக்கிப் பூசி, அதே தள்ளாட்டத்தோடு நீந்தும் பொய்மீனை உருவாக்கினார். ஏழ்மையிலிருந்து பிறந்த கருவி அது. 1949இல் ஒகாயோவைச் சேர்ந்த நிக் கிரீம் நெகிழி மண்புழுவை வார்த்தார். இன்று நம் கடைகளில் தொங்கும் பொய்யிரைகளுள் பெரும்பாலானவை இவற்றின் வழித்தோன்றல்களே.

இனி நம் நிலத்திற்கு வருவோம். 1857இல் இராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர் அம்பாங்கில் ஈயம் தேடியதிலிருந்தே கோலாலம்பூரின் கதை தொடங்குகிறது. தோண்டி எடுத்த இடமெல்லாம் பள்ளமாயிற்று. பள்ளமெல்லாம் நீர் நிறைந்து குட்டையாயிற்று. 1985 அக்டோபரில் உலக ஈயச்சந்தை சரிந்தபின் ஈய லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1993இல் திறக்கப்பட்ட சன்வே லகூனும் பழைய ஈயநிலமே. தோட்டங்களை விட்டு நகர்ப்புறப் புறம்போக்கு நிலங்களில் குடியேறிய நம் மக்கள், தோட்டத்து ஓடைகளில் கற்ற தூண்டிற்கலையை இக்குட்டைகளுக்குக் கொண்டு வந்தனர். தக்கை, மண்புழு, உயிருள்ள தவளை ஆகியவையே அவர்தம் கருவிகள்.

குட்டைகளுக்குள் அயல்மீன்கள் வந்த கதை தனி. திலாப்பியா சப்பானியர் ஆட்சிக்காலத்தில் சாவகத்திலிருந்து வந்தது. அதனால்தான் மூத்தோர் அதனை ‘ஈக்கான் ஜெப்புன்’ என்பர். 1990களில் தென்னமெரிக்காவின் பீக்கோக் பாஸ் வந்தது. வால் அடியில் மயிற்கண் போன்ற புள்ளி உள்ளதால் அப்பெயர். உண்மையில் அது பாஸே அன்று, திலாப்பியாவின் உறவினம். பொய்யிரையை மூர்க்கமாகத் தாக்கும் என்பதால் தூண்டிற்காரர் அதனைக் குட்டைக்குக் குட்டை பரப்பினர்.

இவ்விடத்தில் பிறநாட்டு வரலாற்றைப் பெற்றோர் கருத்தில் கொள்ளவேண்டும். பனாமாவின் காத்தூன் ஏரியில் 1960களின் பிற்பகுதியில் பீக்கோக் பாஸ் புகுந்தது. சில ஆண்டுகளிலேயே நாட்டு மீனினங்கள் பல அங்கு அருகியதை 1973இல் வெளிவந்த ஆய்வொன்று பதிவு செய்தது. சப்பானுக்குப் பெருவாய்ப் பாஸ் 1925இல் ஆஷி ஏரிக்குக் கொண்டுவரப்பட்டது. 1960இல் பட்டத்து இளவரசராக இருந்த அகிஹித்தோ, சிக்காகோவில் அன்பளிப்பாகப் பெற்ற புளூகில் மீனையும் நாட்டுக்குக் கொண்டு சென்றார். அது பெருகிப் பீவா ஏரியின் நாட்டு மீன்களை வருத்தியது கண்டு, பேரரசராக 2007இல் வெளிப்படையாக வருந்தினார். அதற்கு முன்பே 2005இல் நடப்புக்கு வந்த சட்டம் இவ்விரு மீன்களையும் உயிருடன் கொண்டு செல்வதையும் புதிய நீர்நிலைகளில் விடுவதையும் தடை செய்திருந்தது. வேடிக்கை என்னவெனில், 1932இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெரி பொய்மீன் கொண்டு பிடித்த ஏறத்தாழ 10 கிலோ பாஸின் உலகச் சாதனையை 2009இல் சமன் செய்தவர், அதே பீவா ஏரியில் தூண்டிலிட்ட மனாபு குரித்தா. அவர் இட்ட இரை உயிருள்ள புளூகில்!

நம் குட்டைகளில் எந்தப் பொய்யிரையைத் தேர்வது என்பதற்கும் மேற்கண்ட வரலாறே விடை தருகிறது. தாமரையும் ஆகாயத்தாமரையும் மூடிய ஓரங்களில் ஹெடன் வழிவந்த தவளையே ஏற்றது. இன்றைய ரப்பர்த் தவளையின் முட்கள் முதுகோடு ஒட்டியிருப்பதால் கொடியில் மாட்டா. வரால் நீர் சிதறப் பாய்ந்தவுடன் வெடுக்கென்று இழுத்தால் தவளை மட்டுமே திரும்பி வரும். மனத்துக்குள் ஒன்று, இரண்டு என எண்ணிவிட்டு இழுக்கவேண்டும். காலையும் மாலையும் வராலுக்குரிய பொழுதுகள். பீக்கோக் பாஸ் கண்ணால் வேட்டையாடும் பகல்மீன். வெயில் ஏறியபின் மூழ்கிய மரங்களின் அருகே கரண்டியையோ ரப்பாலா வகைப் பொய்மீனையோ விரைந்து இழுத்தல் நன்று. தெளிந்த நீருக்கு வெள்ளி நிறம். மழைக்குப்பின் கலங்கிய நீருக்குக் கறுப்பு அல்லது பளிச்சென்ற நிறம், அதனோடு கிலுகிலுப்பை ஒலி. தோமான் மூச்சு வாங்க மேலே வரும். அது தலைநீட்டிய இடத்தில் வீசாமல், செல்லும் திசையில் சற்று முன்னே வீசுவர். அதன் பல் தங்கூசியை அறுத்துவிடும் என்பதால் முனையில் கம்பி கட்டுவதும் உண்டு.

ஒரு வழக்கத்தை மட்டும் நான் ஏற்பதில்லை. தோமான் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக மேற்பரப்பில் குமிழியிடும். தாயும் தந்தையும் அடியில் காவல் நிற்கும். அக்கூட்டத்தின் நடுவே பொய்யிரையை வீசினால் பெற்றோர் மீன் பசியால் அன்று, சினத்தால் தாக்கும். எளிதாகச் சிக்கும். காவல் இழந்த குஞ்சுகளைப் பிற மீன்கள் தின்றுவிடும். மெய்யான நாட்டு மீன் குறைந்து அயல்மீன் பெருகும் குட்டையில் இவ்வாறு பிடிப்பதைத் திறமை என்று பிள்ளைகள் முன் பாராட்டுதல் தகாது. பிடித்த பீக்கோக் பாஸை வாளியில் சுமந்து வேறு குட்டையில் விடுவதும் அத்தகையதே. அதைக் குழம்புக்குக் கொண்டு செல்லுங்கள், சுவையான மீன்தான்.

இறுதியாகப் பெற்றோர்க்கு ஒன்று. ஈயக்குட்டை, குளத்தைப் போலப் படிப்படியாக ஆழமாவதன்று. கரையிலிருந்து ஓரிரு அடியிலேயே நிலம் செங்குத்தாக இறங்கும், களிமண் வழுக்கும். பாறையில் மாட்டிய பொய்யிரையை எடுக்க எந்தப் பிள்ளையையும் நீரில் இறங்க விடாதீர்கள். தங்கூசியை அறுத்துவிடுங்கள்.