சின்ன வண்டியும் பெரிய வாக்கும்

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவுக்குச் சாணை பிடிக்கிறவர் ஒருவர் வருவார். தெருமுனையில் அவர் குரல் கேட்டதுமே சமையலறையிலிருந்து அரிவாள்மணை திண்ணைக்கு வந்துவிடும். அவருக்குக் கடை இல்லை, பெயர்ப்பலகை இல்லை. பத்திரிகையில் விளம்பரம் செய்யுங்கள் என்று யாராவது யோசனை சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அவருடைய தொண்டையே அவருக்கு விளம்பரம். தோளில் சுமந்து வரும் சாணைச் சக்கரமே கடை.

அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். கடை வைத்து வியாபாரம் செய்கிறவனுக்கும் வீடு தேடிப்போய் வேலை செய்கிறவனுக்கும் எவ்வளவு வேறுபாடு! ஜவுளிக்கடைக்காரர் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பொம்மைக்குப் பட்டுப்புடவை கட்டி நிறுத்தி விடுகிறார். மிட்டாய்க்கடைக்காரருக்கு அந்தச் சிரமமும் வேண்டாம். நெய் மணமே ஆளை இழுத்து வரும். பழுது பார்க்க வருகிறவன் எதைக் காட்டுவான்? அவனுடைய சரக்கு கைத்திறன். அது கண்ணுக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. கடைக்கு நாம் போகிறோம். பிடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடலாம். இவனோ நம் வீட்டுக்குள் வருகிறான். முன்பின் தெரியாத ஒருவனுக்குக் கதவைத் திறப்பதென்றால் மனம் சற்றுத் தயங்கத்தானே செய்யும்?

இந்தத் தயக்கத்தை ஒரு சின்னக் காரைக் கொண்டு வென்ற மனிதர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். அமெரிக்காவின் வடபகுதியில், மிஸிஸிப்பி ஆற்றங்கரையில், குளிர்காலத்தில் எலும்பை உறைய வைக்கும் மினியாபொலிஸ் நகரத்தில் நடந்த கதை இது.

1994-ம் ஆண்டு. ராபர்ட் ஸ்டீவன்ஸ் என்ற இளைஞர் சிகாகோவில் ஓவியக் கல்லூரியில் சேர்ந்து, அதை விட்டுவிட்டு, மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிக்க வந்தவர். கம்ப்யூட்டர் அப்போதுதான் அலுவலகங்களிலிருந்து வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. நுழைந்த வேகத்திலேயே மக்கர் செய்யவும் தொடங்கியிருந்தது. வாங்கியவருக்கு அதைத் திருத்தத் தெரியாது. விற்றவருக்குத் திருத்துவதில் அக்கறை இல்லை. இந்த இடைவெளியில் ஒரு தொழில் இருப்பதை ஸ்டீவன்ஸ் கண்டார். கையில் இருந்த முதல் 200 டாலர். கார் வாங்கப் பணம் ஏது? சைக்கிளில் ஏறி வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் வைத்தியம் செய்யத் தொடங்கினார்.

தம் தொழிலுக்கு அவர் வைத்த பெயரே ஒரு துணிச்சல். 'கீக் ஸ்க்வாட்' என்றார். 'கீக்' என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் அப்படியொன்றும் கௌரவமான பிறப்பு இல்லை. ஒரு காலத்தில் ஊர்ச் சந்தைகளிலும் கூடாரக் காட்சிகளிலும் உயிருள்ள கோழியின் தலையைக் கடித்து வித்தை காட்டிய பரிதாபத்துக்குரியவனை அந்தச் சொல்லால் குறித்தார்கள். பிறகு, உலகம் தெரியாமல் புத்தகத்திலும் யந்திரத்திலும் தலையைப் புதைத்துக்கொண்ட அசட்டுப் பிள்ளையைக் கேலி செய்ய அது பயன்பட்டது. ஸ்டீவன்ஸ் அந்த வசவை எடுத்துத் தம் சட்டையிலேயே குத்திக்கொண்டார். 'ஸ்க்வாட்' என்பது போலீஸ் படை. அசட்டுப் பிள்ளைகளின் போலீஸ் படை! வேடமும் அதற்கேற்றபடி அமைந்தது. வெள்ளை அரைக்கைச் சட்டை, கறுப்புக் கழுத்துப்பட்டை, கறுப்புக் காற்சட்டை, இடுப்பில் துப்பறிவாளர் போல ஒரு சின்னம். வேலையாட்களுக்குத் 'தொழிலாளி' என்றோ 'மெக்கானிக்' என்றோ பெயர் இல்லை. எல்லோரும் 'ஏஜெண்டு'கள்!

இதைப் படிக்கும்போது வெறும் கோமாளித்தனம் என்று தோன்றலாம். யோசித்துப் பாருங்கள். வீட்டில் தனியாக இருக்கும் ஒரு மூதாட்டி, கதவின் துவாரத்தின் வழியே பார்க்கிறாள். அழுக்குப் பனியனோடு ஒருவன் நின்றால் அஞ்சுவாள். மிடுக்காக ஒருவன் நின்றால், நமக்கு ஒன்றும் தெரியாது என்று ஏளனம் செய்வானோ என்று கூசுவாள். இந்த வேடத்தில் ஒருவன் நின்றாலோ அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்தவள் கதவைத் திறந்துவிடுவாள்.

சைக்கிளுக்கு அடுத்தபடியாக வண்டி வந்தது. புதுக் கார் வாங்க வசதி இல்லாத ஸ்டீவன்ஸ், காலங்கடந்த பழைய கார்களைத் தேடினார். சிம்கா என்ற பழைய பிரெஞ்சுக் கார் அவற்றில் ஒன்று. பழைய காருக்கு விலை குறைவு. ஆனால் தெருவில் அதற்கு மதிப்பு அதிகம். நூறு புதுக் கார்கள் போனால் திரும்பிப் பார்க்காதவன்கூட, பாட்டன் காலத்துக் கார் ஒன்று போனால் நின்று பார்ப்பான். பார்க்கிறவன் கதவில் எழுதியிருக்கும் பெயரையும் படிப்பான். ஓவியம் கற்ற கண் வீண்போகவில்லை. விளம்பரம் என்பது, தனிச்சிறப்பு ஏதும் இல்லாதவன் கட்டும் வரி என்பது ஸ்டீவன்ஸ் பலமுறை கூறிய கருத்து. வரி கட்டப் பணம் இல்லாதவர் வேறு வழி கண்டுபிடித்தார் என்று நாமும் சேர்த்துக்கொள்ளலாம்.

பழைய கார்களுக்கு ஒரு குறை உண்டு. ஊரார் கம்ப்யூட்டரைச் சரிசெய்யப் போகிறவன் வழியில் தன் காரைச் சரிசெய்து கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? தொழில் வளர்ந்தபோது, ஒரே மாதிரியான, நம்பகமான ஒரு சின்னக் கார் தேவைப்பட்டது. அவர்கள் தேர்ந்தெடுத்தது ஃபோக்ஸ்வாகன் கம்பெனியின் 'பீட்டில்' - வண்டுக் கார்.

இந்த வண்டுக்கு ஒரு பெரிய பூர்வ கதை இருக்கிறது. ஹிட்லரின் ஜெர்மனியில், ஃபெர்டினாண்ட் போர்ஷே என்ற பொறியியல் நிபுணரின் கையில் உருவான கார் அது. 1938-ல் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். சாமானியருக்குக் கார் போய்ச் சேருமுன் யுத்தம் வந்துவிட்டது. யுத்தம் முடிந்து இடிபாடுகளுக்கு நடுவே கிடந்த தொழிற்சாலையை 1945-ல் ஐவன் ஹர்ஸ்ட் என்ற பிரிட்டிஷ் மேஜர் மறுபடி ஓடவைத்தார். இந்தக் கார் யாருக்கு வேண்டும் என்று பிரிட்டிஷ் மோட்டார் நிபுணர்களே அன்று உதட்டைப் பிதுக்கினார்கள். உதட்டைப் பிதுக்கியவர்கள் வாயடைத்துப் போக, 2003-ம் ஆண்டில் கடைசிப் பழைய வண்டு மெக்ஸிகோவில் வெளிவந்தபோது மொத்த எண்ணிக்கை 2 கோடியே 15 லட்சத்தைத் தாண்டியிருந்தது!

அமெரிக்காவில் இந்தக் காரை விற்பது எளிதாக இருக்கவில்லை. கப்பல் போன்ற கார்களே பெருமை என்று எண்ணிய நாடு அது. 1959-ல் டாயில் டேன் பெர்ன்பாக் என்ற விளம்பர நிறுவனம் ஒரு புதுமை செய்தது. ஒரு முழுப் பக்கத்தை வெறுமையாக விட்டு, மூலையில் காரைச் சிறியதாகக் காட்டி, சிறியதாக எண்ணிப் பாருங்கள் என்று இரண்டே சொற்களில் தலைப்புக் கொடுத்தது. மறைக்க வேண்டிய குறையாக மற்றவர்கள் எண்ணியதை அது பெருமையாகப் பேசியது. 1970-களில் சார்லி பேர்ட் என்ற கலிபோர்னியாக்காரர் இன்னும் ஒருபடி போனார். கல்லூரி மாணவர்களின் வண்டுக் கார்களில் பெரிய கம்பெனிகளின் விளம்பரங்களைத் தீட்டி, காருக்குடையவருக்கு மாதம் 20 டாலர் கொடுத்தார். வண்டின் வளைந்த முதுகு ஓடும் பலகையாகிவிட்டது.

அந்தப் பழைய வண்டின் சாயலில் புதிய வண்டு ஒன்றை ஃபோக்ஸ்வாகன் கம்பெனி டெட்ராய்ட் கண்காட்சியில் மாதிரியாகக் காட்டியது 1994-ம் ஆண்டு ஜனவரி மாதம். ஸ்டீவன்ஸ் சைக்கிளில் புறப்பட்டதும் அதே ஆண்டில்தான். நாவலில் நான் இப்படி எழுதியிருந்தால், தற்செயலை அளவுக்குமீறி நம்புகிறீர்கள் என்று வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள். சரித்திரத்துக்கு அந்த அச்சம் இல்லை. 1998-ல் புது வண்டு அமெரிக்கச் சாலைக்கு வந்தது. ஸ்டியரிங் அருகே ஒரு பூச்செருகும் சிறு குப்பிகூட அதற்கு உண்டு!

கீக் ஸ்க்வாட் அந்த வண்டுக்குக் கறுப்பும் வெள்ளையும் பூசியது. அமெரிக்கப் போலீஸ் காரின் வர்ணம் அது. கதவில் ஆரஞ்சும் கறுப்புமாக நிறுவனத்தின் சின்னம். போலீஸ் கார் என்றால் எல்லோருக்கும் ஓர் அச்சம் உண்டு. அந்த வர்ணம் உருண்டை முகமுள்ள ஒரு சின்ன வண்டின் மேல் ஏறினால் அச்சம் எங்கே நிற்கும்? யானையின் முகபடாத்தைப் பூனைக்குட்டிக்குக் கட்டிவிட்டது போல இருந்தது. தெருவில் போகிறவர்கள் சிரித்தார்கள், சிரித்ததால் மறக்கவில்லை.

இதிலுள்ள கணக்கையும் பார்க்க வேண்டும். பத்திரிகை விளம்பரம் ஒருநாளில் குப்பைக்குப் போகும். மறுநாளைக்கு மறுபடி பணம். காருக்குப் பூசிய வர்ணமோ ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. எப்படியும் வேலைக்குப் போகத்தான் வேண்டும். அந்தப் பயணமே விளம்பரமாகிறது. அதைவிட முக்கியம், வண்டி நிற்கும் நேரம். ஒரு வீட்டு வாசலில் இரண்டு மணி நேரம் அது நின்றால், அக்கம்பக்கத்தார் அத்தனை பேருக்கும் ஒரு செய்தி போகிறது: 'இந்த வீட்டுக்காரர் எங்களை நம்பி உள்ளே விட்டிருக்கிறார்.' எந்தப் பத்திரிகையில் எந்தப் பக்கத்தை வாங்கினாலும் இந்தச் சாட்சியத்தை வாங்க முடியாது. பெரிய லாரியை நிறுத்த இடம் இல்லாத சந்திலும் சின்னக் கார் நிற்கும். பெரிய லாரி வந்து நின்றால், வீட்டில் என்ன விபரீதமோ என்று அயலார் கவலைப்படுவார்கள். சின்ன வண்டு வந்தால், வைத்தியர் வந்திருக்கிறார் என்று நினைப்பார்கள்.

ஆனால் வண்டியில் பெயர் எழுதுவது இருபுறமும் கூரான கத்தி. எனக்கே ஓர் அனுபவம். வீட்டுச் சாதனங்கள் பழுது பார்க்கும் ஒரு நிறுவனத்தின் சின்ன வண்டி ஒன்று ஒருநாள் என் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஓட்டி வந்தவரைக் காணோம். நான் ரயிலுக்குப் போக வேண்டும். வண்டியின் பக்கவாட்டில், முழ உயர எழுத்தில், 'உங்கள் சேவையே எங்கள் லட்சியம்' என்றும், அதன் கீழே டெலிபோன் எண்ணும் எழுதியிருந்தன. அந்த எண்ணுக்கே பேசினேன். ஐந்தாவது நிமிஷம் ஓட்டி வந்தவர் ஓடி வந்தார். ரயிலைப் பிடித்துவிட்டேன், ஆனால் அந்த லட்சிய வாசகம் இன்றுவரை மறக்கவில்லை. அவர்கள் கொடுத்த காசுக்கு விளம்பரம் நன்றாகவே வேலை செய்தது!

பெயரில்லாத காரில் போகிறவன் சிவப்பு விளக்கை மீறினால் அது யாரோ ஒருவனுடைய குற்றம். பெயர் எழுதிய காரில் போகிறவன் மீறினால் அந்தப் பெயரே மீறியதாகிறது. பெயர் எழுதிய வண்டி, ஊர் நடுவில் நின்று கொடுக்கும் வாக்கு. இந்த முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், தவறு செய்தால் என்னைக் கேளுங்கள் என்பதே அதன் பொருள். சைக்கிளில் போன ஸ்டீவன்ஸ் அந்த வாக்கைத் தாமே கொடுத்தார், தாமே காப்பாற்றினார்.

2002-ல் 'பெஸ்ட் பை' என்ற பெரிய மின்சாதனக் கடை நிறுவனம் சுமார் 30 லட்சம் டாலருக்கு கீக் ஸ்க்வாடை வாங்கியது. அதுவும் அதே மினசோட்டாவில் சிறியதாகப் பிறந்ததுதான். 1966-ல் பாட்டுக் கருவிகள் விற்ற கடை. 1981-ல் ஒரு சூறாவளி அதன் கிளையொன்றின் கூரையைப் பிய்த்தெறிந்தபோது, மிஞ்சிய சரக்கை வெளியே குவித்து மலிவு விற்பனை நடத்தி, அதிலே புது வழி கண்டது. கூரை பறந்ததையே விளம்பரமாக்கியவர்களுக்கு வண்டுக் காரின் அருமை தெரியாமல் இருக்குமா? கறுப்பு வெள்ளை வண்டுகள் நாடெங்கும் பெருகின. வீடு தேடிப் போகும் ஏஜெண்டுகளுக்கு 'டபிள் ஏஜெண்ட்' என்று பெயர்.

வண்டுகள் பெருகின, வாக்கையும் அப்படிப் பெருக்கிவிட முடியுமா? 2007-ல் அமெரிக்காவின் நுகர்வோர் இணையதளம் ஒன்று, கண்காணிக்கும் ஏற்பாடு செய்த ஒரு கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கக் கொடுத்து அனுப்பிச் சோதித்தது. கடை ஒன்றிலிருந்த ஊழியர், வாடிக்கையாளரின் அந்தரங்கக் கோப்புகளைத் தமக்கென நகல் எடுத்ததாக அது செய்தி வெளியிட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் செய்த தவறு என்று சொல்லலாம். ஆனால் வாசகர்கள் அந்த ஒருவரின் பெயரையா நினைவில் வைத்தார்கள்? வண்டியில் எழுதியிருந்த பெயரைத்தான். முகத்தைச் சிரிக்க வைத்துக் கதவைத் திறக்கச் செய்த அதே சின்னம், அன்று கதவைத் தாழிடவும் செய்தது.

2012-ல் ஸ்டீவன்ஸ் பெஸ்ட் பையை விட்டு விலகினார். 2016-ல் வண்டுகளுக்கும் விடை கொடுத்தார்கள். பெட்ரோலை மிச்சப்படுத்தும் டொயோட்டா பிரியஸ் சி கார்கள் அதே வர்ணத்தில் அவற்றின் இடத்துக்கு வந்தன. 2019-ல் வண்டு உற்பத்தியே நின்றுவிட்டது. நல்ல கார், சிக்கனமான கார். ஆனால் புதிதாக வந்த காரைப் பார்த்துத் தெருவில் எத்தனை குழந்தைகள் கை காட்டியிருப்பார்கள்?

இன்று சிறு தொழில் தொடங்கும் இளைஞர்கள் பலர், ஒரு சின்ன வண்டி வாங்கி அதில் பளிச்சென்று பெயர் எழுத ஆசைப்படுகிறார்கள். எழுதட்டும், நல்ல யோசனைதான். எழுதுவதற்குமுன் எங்கள் தெருச் சாணைக்காரரை ஒருகணம் நினைத்துக்கொள்ளட்டும். ஒருமுறை என் தாயார் அவரிடம், போன தடவை பிடித்த சாணை பத்து நாள்கூட நிற்கவில்லை என்று குறைப்பட்டாள். அவர் ஒன்றும் பேசாமல் சக்கரத்தை இறக்கி வைத்தார்; மறுபடி தீட்டிக் கொடுத்தார்; காசு வாங்க மறுத்துவிட்டார். பிறகு தெருமுனை வரை அவர் குரல் வழக்கம்போலக் கேட்டது. அடுத்த மாதமும் அந்தக் குரலுக்கு எங்கள் அரிவாள்மணை திண்ணைக்கு வந்தது.