முன்னே வந்தவர்

ஒருவன் குற்றத்துக்கு இன்னொருவன் உயிர் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? இயேசு நமக்காகச் சிலுவையில் மாண்டார் என்று கிறிஸ்தவர்கள் சொல்லும்போது இக்கேள்வி எழுவதுண்டு. தட்டிக் கழிக்கக்கூடிய கேள்வியல்ல.

1941 ஜூலை இறுதி. போலந்து மண்ணில் நாஜிகள் அமைத்திருந்த ஆஷ்விட்ஸ் சிறைமுகாமிலிருந்து ஒரு கைதி தப்பிவிட்டான். அதற்காகப் பத்துப் பேர் பட்டினி கிடந்து சாகவேண்டும் என்று உத்தரவாயிற்று. ஃபிரிட்ஷ் என்ற அதிகாரி வரிசையில் நின்றவர்களிலிருந்து பத்துப் பேரைப் பொறுக்கினான். அவர்களில் ஒருவர் போலந்துப் படைவீரர் கயோவ்னிச்செக். மனைவியையும் பிள்ளைகளையும் நினைத்து வாய்விட்டுக் கதறினார்.

அப்போது வரிசையிலிருந்து ஒருவர் முன்னே வந்தார். 16670 என்ற எண்ணுக்குரிய கைதி; மாக்சிமிலியன் கோல்பே என்னும் பிரான்சிஸ்கன் சபைக் குரு; வயது 47. மனைவி மக்கள் உள்ள அந்த மனிதருக்குப் பதிலாகத் தாம் சாக விரும்புவதாகச் சொன்னார். அதிகாரியும் இசைந்தான். இரண்டு வாரப் பட்டினிக்குப் பின்னும் உயிர் பிரியாததால், ஆகஸ்டு 14ஆம் தேதி கார்பாலிக் அமில ஊசி போட்டுக் கொன்றார்கள்.

அந்த முற்றத்தில் இரண்டு பதில்கள் நடந்தன. ஓடியவனுக்குப் பதிலாகப் பத்துப் பேரைப் பிடித்தது கொடுமை. ஒருவனுக்குப் பதிலாகத் தாமே வந்தது அன்பு. பிறர் தலையில் சுமத்தினால் பாவம்; தன் தோளில் ஏற்றால் தியாகம். இயேசு தாமாகவே உயிரைக் கொடுத்தார் என்று யோவான் நற்செய்தி அழுத்திச் சொல்வதன் பொருள் இதுதான்.

பிழைத்தவர் அதற்கு என்ன தகுதி காட்டினார்? அழுதார், அவ்வளவுதான். ஆனால் அவர் குற்றமற்றவர். இயேசுவுக்குப் பதில் விடுதலையான பரபாஸோ கலகத்துக்கும் கொலைக்கும் சிறைப்பட்டவன். அவனுக்கும் கிடைத்ததே, அதைத்தான் கிருபை என்கிறார்கள்.

கிருபை இலேசான சுமையல்ல. கயோவ்னிச்செக் வீடு திரும்பியபோது மனைவி இருந்தாள். இரு பிள்ளைகளும் 1945இல் போரில் மாண்டிருந்தனர். தமக்காக ஒருவர் மாண்டதை எண்ணி நெடுங்காலம் மனம் குமைந்ததாக அவரே பின்னாளில் சொன்னார். 1982 அக்டோபர் 10 அன்று ரோமாபுரியில் கோல்பே புனிதராக அறிவிக்கப்பட்டபோது அவரும் அங்கிருந்தார். 1995இல், 93ஆம் வயதில் மறையும்வரை அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கடனென்றால் அடைத்துவிட்டு மறந்துவிடலாம். இது அடைக்க முடியாதது. ஆகவே மறக்கவும் முடியாதது.