பழைய நடமாடும் மர அரிவு இயந்திரம்: வாங்கியபின் கவனிக்க வேண்டியவை

கல்முனைப் பக்கம் பழைய நடமாடும் மர அரிவு இயந்திரம் வாங்குவோரிடம் நான் முதலில் சொல்வது, எஞ்சினைவிட மரத்தைக் கவனியுங்கள் என்பதே. யுத்தம் நடந்த ஊர்களின் பனை, வேம்புக்குள் சன்னமும் ஷெல் துண்டும் புதைந்திருக்கலாம். ஒரு துண்டு பட்டாலே நாடா வாளின் பற்கள் போய்விடும். பட்டையில் பழைய வடு, வீக்கம், வெட்டுமுகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் உலோகம் காட்டும் கருவியால் தேடுங்கள். காந்தம் போதாது, ஈயமும் செம்பும் அதில் ஒட்டாது. வெடிபொருள் போல ஏதும் தெரிந்தால் தொடாமல் விலகிப் பொலிஸுக்கு அறிவியுங்கள்.

பலகை அலையலையாக வந்தால்: வாள் மழுங்கியிருக்கும், இழுவை குறைந்திருக்கும் அல்லது வழிகாட்டி உருளை விலகியிருக்கும். முதலில் வாளை மாற்றிப் பாருங்கள்.

வாள் சக்கரத்திலிருந்து கழன்றால்: சக்கரத்தின் சாய்வு, பெயாரிங், பட்டி ஆகியவற்றைப் பாருங்கள்.

எஞ்சின் திணறினால்: காற்று வடிகட்டி, பழைய பெற்றோல், பிளக் ஆகியவற்றைப் பாருங்கள்.

எதைத் தொடுவதற்கு முன்பும் எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றுங்கள்.

உப்புக் காற்றில் துரு விரைவாக ஏறும். வேலை முடிந்ததும் தூளைத் துடைத்து, வாளைத் தளர்த்தி, எண்ணெய் பூசுங்கள்.

பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைத் தறிக்க 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி வேண்டும். அனுமதிப் பத்திரத்தைப் பார்த்த பின்பே குற்றியை ஏற்றுங்கள்.