நெஞ்சு வெடிக்குமா? ஆக்டோபஸ் பானை சொன்ன பதில்

"புருஷன் போன சேதி கேட்டதும் நெஞ்சு வெடிச்சுப் போயிட்டா" என்று ஊரில் பேசிக்கொள்வதை நீங்களும் கேட்டிருப்பீங்க. மருத்துவம் படிக்கும் காலத்தில் நான் இதை வெறும் பேச்சுவழக்கு என்றுதான் நினைத்தேன். ஏற்கெனவே மாரடைப்பு வர இருந்த ஆள், நேரம் அப்படி அமைஞ்சிருக்கும், அவ்வளவுதான் என்று.

தப்பு என் பக்கம்தான். மருத்துவ உலகமே இதை ஒத்துக்கொள்ள ரொம்ப நாள் எடுத்துக்கிச்சு. அந்தக் கதை கொஞ்சம் நீளம். நேரம் இருக்கிறவங்க கூடவே வாங்க.

1983. ஜப்பானில் ஹிரோஷிமா நகர மருத்துவமனை. அறுபதைக் கடந்த ஒரு அம்மா கடும் நெஞ்சுவலியோடு வருகிறார். ஈசிஜி எடுத்தா அச்சு அசல் மாரடைப்பு. உடனே ஆஞ்சியோ செய்றாங்க. அடைப்பு எங்கேன்னு தேடினா, எங்கேயும் இல்லை. ரத்தக்குழாய்கள் சுத்தமா இருக்கு.

அடுத்து இதயத்தோட இடது கீழறையில் சாயம் செலுத்திப் படம் எடுக்கிறாங்க. உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளுற அறை அது. ஒவ்வொரு துடிப்புக்கும் துணியைப் பிழியற மாதிரி மொத்தமா சுருங்கணும். இங்கேயோ மேல்பகுதி மட்டும் இறுக்கிச் சுருங்குது, கீழ்நுனி பலூன் மாதிரி உப்பி அசையாம நிக்குது. ரெண்டு வாரம் கழிச்சுப் பார்த்தா அறை பழையபடி துடிக்குது!

மாரடைப்பில் செத்த தசை ரெண்டு வாரத்தில் உயிர்த்தெழாது. அப்போ இது வேற ஏதோ.

இது ஏன் 1983-ல் கண்ணில் பட்டது, அதுக்கு முன்னாடி ஏன் படலை? எனக்கு இந்தக் கதையிலேயே பிடிச்ச இடம் இதுதான்.

இதய ரத்தக்குழாய்க்குள் நேரா சாயம் செலுத்திப் படம் எடுக்கும் முறை 1958-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் என்ற டாக்டர் கண்டுபிடித்தது, அதுவும் தற்செயலாக. ஆனால் மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும் நோயாளிக்கு அதைச் செய்ய டாக்டர்களுக்குப் பயம். எங்கே உயிருக்கு ஆபத்தாகிடுமோன்னு தள்ளிப் போட்டாங்க. ரத்தக்கட்டிதான் மாரடைப்புக்குக் காரணமா, இல்லை மாரடைப்பின் விளைவா என்பதே அப்போ விவாதத்தில் இருந்தது என்றால் நம்புவீங்களா?

1980-ல் டிவுட் என்ற டாக்டரும் கூட்டாளிகளும் துணிந்து பார்த்தார்கள். வலி தொடங்கி 4 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ செய்த 126 பேரில் 110 பேருக்கு ரத்தக்குழாய் முழுசா அடைத்திருந்தது. விவாதம் முடிஞ்சது. அதற்குப் பிறகுதான் அவசர ஆஞ்சியோ பரவியது. அடைப்பைத் தேடிப் போனவங்க கண்ணில்தான் அடைப்பே இல்லாத இந்த நோய் தட்டுப்பட்டது. அதுவரை இந்தப் பெண்கள் "மாரடைப்பு" என்ற சீட்டோடு வீடு திரும்பியிருப்பாங்க. சிலர் திரும்பாமலும் போயிருப்பாங்க.

பெயர் விஷயத்துக்கு வருவோம். ஜப்பானிய மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்க ஒரு பானை வைத்திருப்பாங்க. நம்ம கடற்கரையில் பேய்க்கணவாய் என்போமே, அதேதான். பானைக்கு வயிறு பெருசு, கழுத்து சின்னது. கயிற்றில் கட்டிக் கடலடியில் இறக்கிடுவாங்க. இருட்டுப் பொந்து கிடைச்சதுன்னு அது தானா உள்ளே போய் உட்கார்ந்துக்கும். இந்தப் பானையின் பெயர் டகோட்சுபோ. உப்பிய இதயத்தின் படம் அப்படியே அந்தப் பானை போல இருந்ததால், ஹிகாரு சாட்டோவும் சக மருத்துவர்களும் 1990-ல் அந்தப் பெயரையே வைத்து எழுதினார்கள். அடுத்த ஆண்டு 5 நோயாளிகள் பற்றிய கட்டுரை வந்தது. ரெண்டுமே ஜப்பானிய மொழியில். பல ஆண்டுகளுக்கு வெளியுலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

துப்பு இல்லாமலும் இல்லை. "சண்டை போடு அல்லது ஓடு" என்ற உடம்பின் அவசர எதிர்வினையை விளக்கிய வால்டர் கேனன், பில்லி சூனியம் வைத்துவிட்டார்கள் என்ற பயத்திலேயே மனிதர்கள் சாவது பற்றி 1942-லேயே எழுதினார். பயத்தில் பொங்கும் அட்ரினலின்தான் அவருடைய சந்தேகம். 1980-ல் செபெலின், ஹிர்ஷ் என்ற இருவர், தாக்கப்பட்டு இறந்தும் உடலுக்குள் உயிர்போகும் காயம் எதுவும் இல்லாத 15 பேரின் இதயத்தை மைக்ரோஸ்கோப்பில் ஆராய்ந்தார்கள். 11 பேருக்கு இதயத் தசை இழைகள் சிதைந்திருந்தன. அடியால் அல்ல, அச்சத்தால் வந்த சிதைவு என்றார்கள். அப்போதும் பெரிய சலசலப்பு இல்லை.

2004 அக்டோபர் 23. ஜப்பானின் நிகாட்டா பகுதியில் நிலநடுக்கம். பக்கத்து மருத்துவமனைகளுக்கு இதே பானை இதயத்தோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள், பெரும்பாலும் வயதான பெண்கள். ஒரே அதிர்ச்சி, ஒரே ஊர், ஒரே வாரம். இதைத் தற்செயல்னு எப்படித் தள்ளுவது?

2005-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 19 பேரை ஆராய்ந்து வெளியிட்டார்கள். 18 பேர் பெண்கள். உறவினர் மரணம், ஆயுதமுனைக் கொள்ளை, கோர்ட்டுப் படியேறியது, மேடைப்பேச்சு பயம், அப்புறம் ஒரு சர்ப்ரைஸ் பார்ட்டி! (பாட்டிக்குச் சொல்லாம பிறந்தநாள் கொண்டாட நினைக்கிறவங்க கவனிக்க.) இவர்கள் ரத்தத்தில் அட்ரினலின் வகை ஹார்மோன்கள், கடுமையான மாரடைப்பு வந்தவர்களைவிட 2, 3 மடங்கு அதிகம்.

அந்த ஹார்மோன் வெள்ளம் இதயத்தின் நுனியைத்தான் அதிகம் தாக்குகிறது, அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் அங்கே நெருக்கமா இருப்பதால் என்று ஒரு விளக்கம். தசை சாகவில்லை, அடிபட்டு மயங்கிக் கிடக்கிறது. அதனால்தான் சில வாரங்களில் எழுந்துவிடுகிறது. ஏன் பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்கள்? ஈஸ்ட்ரோஜன் குறைவதைக் காரணமாகச் சொல்கிறார்கள், முழு விடை இன்னும் கிடைக்கலை.

அதன் பிறகுதான் பத்திரிகைகள் "உடைந்த இதயம்" என்று பேர் வைத்துக் கொண்டாடின. எனக்கு அந்தப் பேர் மேல் கொஞ்சம் கோபம் உண்டு. 2015-ல் பல நாடுகளைச் சேர்ந்த 1750 நோயாளிகளின் தொகுப்பு வெளியானது. மனத்துயர் போன்ற உணர்ச்சிக் காரணம் இருந்தவர்கள் சுமார் 28 சதவீதம்தான். மூச்சுத்திணறல், ஆபரேஷன், வலிப்பு, எலும்பு முறிவு போன்ற உடல் காரணங்கள் 36 சதவீதம். கால்வாசிப் பேருக்கு மேல் எந்தக் காரணமும் தெரியவில்லை. பேரன் பிறந்தது, கல்யாணம் போன்ற சந்தோஷத்தில் வந்தவர்களும் உண்டு. ஆக, "வீட்டில் ஏதும் துக்கமா?" என்று கேட்டு, "இல்லை" என்றதும் இந்த நோயை ஒதுக்கிவிட முடியாது.

இன்னொன்று. பேர் கவிதையா இருப்பதால் நோயும் மென்மையா இருக்கும் என்று நினைக்கிறோம். அதே தொகுப்பில் 100 பேரில் சுமார் 4 பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். அசையாத நுனியில் ரத்தம் உறைந்து, அது மூளைக்குப் போய் பக்கவாதம் வரலாம். இதயத்துடிப்பு தாறுமாறா ஆகலாம். ரத்த அழுத்தம் சரியும்போது வழக்கமாகக் கொடுக்கும் அட்ரினலின் வகை மருந்துகள் சிலருக்கு நிலைமையை மோசமாக்கலாம். எரியற வீட்டில் எண்ணெய் ஊத்தற கதை. அதனால்தான் இது டகோட்சுபோவா என்று தெரிவது டாக்டருக்கு முக்கியம்.

ஆனால் வீட்டில் இருக்கும் உங்களுக்கு அது தெரியவே வேண்டாம். வலியை வைத்தோ ஈசிஜியை மட்டும் வைத்தோ இதையும் மாரடைப்பையும் உறுதியாகப் பிரிக்க எங்களாலேயே முடியாது. பெரும்பாலும் ஆஞ்சியோ பார்த்துத்தான் சொல்ல முடியும். துக்க வீட்டில் ஒரு அம்மா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தா, "அழுது அழுது டென்ஷன் ஆயிட்டாங்க" என்று சோடா கொடுத்துப் படுக்க வைக்காதீங்க. 108-க்குப் போன் பண்ணுங்க. சாவு வீட்டை விட்டு எப்படிப் போறதுன்னு அந்த அம்மாவே மறுப்பாங்க. அப்பவும் ஏத்திக்கிட்டுப் போங்க.